வீட்டுப் படியேறி வரும் நர்ஸம்மாவை நாம் ஏன் கணக்கில் எடுப்பதில்லை?

கருங்கல்_மகள் | செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி மனைவி ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். முதல் பிள்ளை. நேற்று எங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். பிக்மி நம்பரை (அரசின் கர்ப்பப் பதிவு எண்) சரிபார்த்துவிட்டு, "அடுத்த வாரம் புதன்கிழமை சப் சென்டருக்கு வா பிள்ளை, ரத்தம் பார்க்கணும், உன்னோடு கொஞ்சம் பேசவும் வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் எங்கள் விளையை (வீட்டைச் சுற்றிய தோட்டத்தை) தாண்டுவதற்குள் வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "டாக்டரிடம்தான் காட்டுகிறோமே, அப்புறம் இவரிடம் எதற்கு? பிறப்புச் சான்றிதழுக்கு நம்பர் வேண்டும், அதை வாங்கியாச்சு" என்றார் அம்மை. தம்பியும் அதையே சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் என் முறை வந்தபோது நானும் அதைத்தான் சொன்னேன்.

எனக்குப் பேறு பார்த்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். மாதாமாதம் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தால் மூன்று நிமிடம் பார்ப்பார்கள். வலி வந்த இரவில், தண்ணீர் குறைவாக இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். செய்தார்கள். அது தேவையாகவும் இருந்திருக்கலாம், அதில் எனக்கு வழக்கு இல்லை. என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்குகிற மாதிரி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஏழாம் நாள் நர்ஸம்மா வந்தார். பிள்ளையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, "உன்னைக் காட்டு" என்றார். தையலில் ஒரு ஓரம் சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. மாமியிடமோ கணவரிடமோ சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாளாக மறைத்து வைத்திருந்தேன். காய்ச்சல் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், உதிரப்போக்கு எப்படி என்று கேட்டார், அன்றைக்கே என்னை அனுப்பி வைத்தார். பால் கட்டிக் கல்லாக இருந்த மார்பை எப்படிப் பீய்ச்ச வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தார். அதன்பிறகு 14, 21, 28, 42-ஆம் நாட்களிலும் வந்தார். அந்த ஒன்றரை மாதத்தில் "நீ ராத்திரி தூங்குகிறாயா?" என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அவர் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது. இங்கே இருக்கும் நம்மூர் பெண்கள், செவிலியர்கள், டாக்டர்கள் சொல்லுங்கள்: பெண்களுக்கான முதல் மருத்துவத்தை இவர்களை நம்பி விடலாமா? இவர்களிடம் எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது? அடுத்த வாரம் புதன்கிழமை மைனியோடு (தம்பி மனைவி) நான் போவதாக இருக்கிறேன். அதற்கு முன் வீட்டில் பேச வேண்டும்.

வடசேரி_வாசகன் | செவ்வாய், இரவு 10:25

தங்கச்சி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் எனக்குப் பயம் இருக்கிறது. 1838-லேயே நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் நம் கன்னியாகுமரி. என் ஆச்சியின் மூத்த இரண்டு பிள்ளைகள் வீட்டுப் பேற்றில் போனவர்கள். மருத்துவச்சி கையிலிருந்து டாக்டர் கைக்கு வர நம் குடும்பங்களுக்கு நூறு வருடம் ஆனது. இப்போது "இயற்கைப் பிரசவம்" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. 2018-இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பேறு பார்த்து ஒரு பெண் இறந்தது நினைவிருக்கிறதா? நர்ஸம்மா, மருத்துவச்சி என்று தூக்கிப் பேசினால் அந்தப் பக்கம்தான் போய் நிற்கும். மகள்களைப் பெற்றவன் என்பதால் சொல்கிறேன்.

நர்ஸம்மா_ஓய்வு | புதன், காலை 6:15

மக்களே, இந்த வேலையை 31 வருடம் பார்த்தவள் எழுதுகிறேன். 1986-இல் சேர்ந்தேன், 2017-இல் ஓய்வு. திருவட்டார், முஞ்சிறை, குருந்தன்கோடு என்று மூன்று வட்டாரங்களில் இருந்தேன்.

ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் (சப் சென்டர்) என்பது அரசாங்கக் கணக்கு, மலையானால் மூவாயிரம். தாளில் ஐயாயிரம் சின்ன எண். நம்மூரில் வீடுகள் தெருவாகச் சேர்ந்து இருப்பதில்லை, அவரவர் விளைக்கு நடுவில் இருக்கும். ஒரு விளையிலிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, அடுத்த விளைக்கு ஏற வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு கையில் குடை, ஒரு கையில் தடுப்பூசிப் பெட்டி. பதினெட்டு மாதப் பயிற்சியில் இந்த நடையை மட்டும் சொல்லித் தரவில்லை.

கண் இமையை விலக்கிப் பார்த்தே ரத்தம் குறைவா என்று ஓரளவு தெரிந்துவிடும், அப்புறம் சோதனை செய்து உறுதி செய்வோம். வயிற்றில் கை வைத்துக் கர்ப்பப்பை எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்போம், தொப்புள் மட்டத்துக்கு வந்தால் ஏறக்குறைய 24 வாரம். கூம்புக் குழலை வைத்துக் காதைக் கொடுத்தால் பிள்ளையின் துடிப்பு கேட்கும், நிமிடத்துக்கு 120-க்கும் 160-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அப்போதெல்லாம் சப் சென்டரிலேயே பேறு பார்ப்போம். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பார்த்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். அந்த முறை மாறி, பேறு முழுக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனது நல்லதுதான். அங்கே மூன்று செவிலியர்கள் மாறி மாறி 24 மணி நேரமும் இருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வடசேரி தம்பி, உங்கள் ஆச்சி காலத்து வயற்றாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முதலில் சேர்ந்த ஊரில் ஒருவர் இருந்தார். என்னைக் கண்டால் முகம் கொடுக்க மாட்டார். அவர் பிழைப்பைப் பிடுங்க வந்தவள் என்று நினைத்தார். அரசு அப்போது ஊர் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. ஐந்து சுத்தம் என்போம்: கை, இடம், பிளேடு, கட்டும் நூல், தொப்புள்கொடி. கொடியில் சாணியும் சாம்பலும் வைக்காதீர்கள் என்று அவரோடு ஒரு வருடம் மல்லுக்கட்டினேன். தாய்க்கு ரணஜன்னி ஊசியும் கொடியில் சுத்தமும் சேர்ந்த பிறகு பச்சைப்பிள்ளைகள் ஜன்னி கண்டு சாவது நின்றது. அதை அவரே கண்ணால் பார்த்தார். பிற்பாடு வலி வந்த பெண்ணை அவரே என்னிடம் கூட்டிவந்து, தலைமாட்டில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துவிடுவார். "படுக்க வைக்காதே, நடக்க விடு, தண்ணி குடிக்கக் குடு, பேசிக்கிட்டே இரு" என்பார். எனக்குப் பாடத்தில் வராதது அது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜனங்கள் எங்களை விட்டு விலகினதற்கு எங்கள் பக்கமும் காரணம் உண்டு. 1996-இல் இலக்கு முறையை எடுக்கும்வரை, மாதம் இத்தனை குடும்பக் கட்டுப்பாடு கேஸ் என்று எங்களுக்குக் கணக்கு இருந்தது. நான் படலையைத் திறந்தால் பெண்கள் பின்வாசல் வழியாக ஓடுவார்கள். "கேஸ் பிடிக்க வாறா" என்று பிள்ளைகள் கத்தும். வெள்ளைப்படுதலுக்கு மருந்து கேட்க வேண்டிய பெண் எனக்குப் பயந்து ஒளிந்தாள். அந்த நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிக்க எனக்குப் பத்து வருடம் பிடித்தது.

இப்போது இலக்கு போய்ப் பதிவேடு வந்திருக்கிறது. என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்குப் போனில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணிடம் பேச அரை மணி நேரம் கிடைத்தால் அதில் இருபது நிமிடம் எழுத்துவேலை. கருங்கல் மகளே, உன் வீட்டுக்கு வந்தவர் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போயிருந்தால் அதுதான் காரணம்.

தூத்தூர்_வள்ளம் | புதன், மதியம் 1:05

நான் கடப்புறத்துக்காரன். ஆழ்கடல் தொழில். ஒரு தடவை போனால் திரும்பி வர மாதக் கணக்காகும். எங்கள் ஊரில் பேறுகாலம் என்றால் பாதி வீட்டில் ஆண்பிள்ளை கரையில் இருக்க மாட்டான்.

என் மனைவிக்கு இரண்டாவது பிள்ளை எட்டாம் மாதம். கால் வீங்கியிருந்தது. கர்ப்பத்தில் எல்லாருக்கும் வீங்கும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி. நர்ஸம்மா வேறு வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்திருக்கிறார். பிரஷர் 160-க்கு 110. அங்கேயே உட்கார்ந்து 108-க்குப் போன் செய்து, தானும் வண்டியில் ஏறிப் போயிருக்கிறார். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டு அறுவை செய்து எடுத்தார்கள். பிள்ளை சின்னதாக இருந்தது, இப்போது இரண்டாம் வகுப்பு.

சேட்டிலைட் போனில் எனக்கு விவரம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கரையில் எனக்குப் பதிலாக நின்றவர் அவர். வேறு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தக்கலை_மகப்பேறு | புதன், இரவு 11:30

மகப்பேறு மருத்துவர். அரசிலும் தனியாரிலும் வேலை பார்த்திருக்கிறேன். தூத்தூர் அண்ணன் சொன்னது முன்சூல்வலிப்பு, கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வலிப்புவரை கொண்டுபோகும் நோய். 140-க்கு 90-ஐத் தாண்டினாலே நாங்கள் கவனிக்க ஆரம்பிப்போம், 160-க்கு 110 ஆபத்தான அளவு. மெக்னீசியம் சல்பேட் ஊசி கிடைக்கும் இடத்துக்கு அவர் வந்து சேர்ந்ததால் வலிப்பு வராமல் தப்பினார். இரத்த அழுத்தக் கருவியும், அதைக் கட்டிப் பார்க்கத் தோன்றிய ஒரு பெண்ணும் அந்தத் தெருவில் இருந்ததுதான் முதல் சிகிச்சை.

வடசேரி வாசகன் ஐயாவின் பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். மருத்துவச்சி என்றால் வீட்டுப் பேறு என்று பொருள் இல்லை. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி 99.6 சதவீதப் பேறு மருத்துவமனையில்தான். அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. 2018–20-இல் இங்கே ஒரு லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள், நாட்டுக்கு அது 97. இந்த இடத்துக்கு நாம் வந்ததில் டாக்டர்களுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு வீடுவீடாகப் போன இந்தச் செவிலியர்களுக்கும், 24 மணி நேரமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேறு பார்க்கும் செவிலியர்களுக்கும் உண்டு.

ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பேறு சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36.0. நாடு முழுவதற்கும் 21.5. நான் கத்தி பிடிக்கிறவள். அறுவை காப்பாற்றிய உயிர்கள் எனக்குத் தெரியும், அதைக் குறைசொல்ல மாட்டேன். நூற்றில் 64 பெண்களுக்கு அது தேவையா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். வலியில் இருக்கும் பெண்ணோடு எட்டு மணி நேரம் உட்கார என்னால் முடியாது. வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள். பக்கத்தில் ஆள் இல்லாத பெண் பயப்படுகிறாள், குடும்பம் பயப்படுகிறது, எல்லாரும் சேர்ந்து ஆபரேஷன் கேட்கிறார்கள். கர்ப்பப்பை வாய் முதல் சென்டிமீட்டர்கள் மெதுவாகத்தான் திறக்கும். 5 செ.மீ. ஆகும் வரை அவசரப்படுத்த வேண்டாம், மணிக்கு 1 செ.மீ. திறக்கவில்லை என்பதற்காக மட்டும் கை வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. அந்தப் பொறுமைக்கு ஓர் ஆள் வேண்டும்.

அதே 2018 டிசம்பரில் மத்திய அரசு மருத்துவச்சிப் பணிக்கு வழிகாட்டுநெறி வெளியிட்டது. செவிலியர் படிப்பு முடித்தவர்களுக்கு மேலும் 18 மாதம் பேறு பார்ப்பதில் மட்டும் பயிற்சி. அவர்கள் நடத்தும் பிரிவு பெரிய மருத்துவமனைக்கு உள்ளேயே இருக்கும், சிக்கல் வந்தால் மருத்துவர் கூப்பிடு தூரத்தில். ஊரில் வரும் கிராம சுகாதார செவிலியரும் இந்தப் பயிற்சி பெற்ற மருத்துவச்சியும் ஒன்று அல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பேரும் வேண்டும் என்பது என் கருத்து.

இது புதிதும் இல்லை ஐயா. 1956 நவம்பர் 1 வரை நாம் இருந்தது திருவிதாங்கூர் பக்கம். 1916-இல் திருவனந்தபுரம் தைக்காடு பெண்கள் மருத்துவமனைக்குப் பொறுப்பேற்ற டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் பழைய மருத்துவச்சிகளை விரட்டவில்லை. அவர்களுடைய பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார். நர்ஸம்மா ஓய்வு அவர்கள் எழுதியதும் அதே வழிதான்.

அண்டி_ஆபீஸ்_மகள் | வியாழன், காலை 8:50

எல்லாரும் பேறு பற்றியே பேசுகிறீர்கள். பேறு முடிந்த பெண்களைப் பற்றி நான் சொல்லட்டுமா?

என் அம்மை முந்திரி ஆலையில் 27 வருடம் வேலை பார்த்தார். காலை முதல் சாயங்காலம் வரை ஒரே இருப்பு. கழிப்பறைக்குப் போக நேரம் போகுமே என்று தண்ணீர் குடிக்க மாட்டார். மூன்று பிள்ளை பெற்ற உடம்பு. அடி (கர்ப்பப்பை) இறங்கிவிட்டது. உட்கார்ந்தால், இருமினால், பளு தூக்கினால் கீழே வரும், கையால் தள்ளிவிட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். ஆறு வருடம். எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. ஒருநாள் குளிமுறியில் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு ஆஸ்பத்திரியில் முதல் நாளே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். அம்மை பயந்து அழுதார். சப் சென்டர் சிஸ்டர்தான் அதற்கு முன்னால் செய்து பார்க்க என்னென்ன இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னார். ஆறு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு அம்மை, "ஆம்பிளை டாக்டருகிட்ட எப்படி மக்களே சொல்லுவது? நர்ஸு வந்தா பிள்ளையிருக்கா, பிள்ளையிருக்கான்னுதான் கேக்கும். எனக்கு வயசாச்சு, என்னை எதுக்குக் கேக்கப்போகுது" என்றார்.

பிள்ளை பெறுகிற வயதில் இருக்கும் பெண்ணுக்கு மட்டும்தானா இந்தப் பராமரிப்பு?

நர்ஸம்மா_ஓய்வு | வியாழன், காலை 9:30

மக்களே, இதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். உன் அம்மை சொன்னது எங்களுக்கு விழுந்த அடி. அது நியாயமான அடி.

அடி இறக்கம் ஆரம்பத்தில் தெரிந்தால் இடுப்படித் தசையை இறுக்கி விடும் பயிற்சி உதவும். மூத்திரத்தை நடுவில் நிறுத்துவதுபோல் இறுக்கி, பத்து எண்ணி விட வேண்டும், நாளுக்கு மூன்று வேளை. மூத்திரம் போகும்போதே அதைச் செய்யக்கூடாது, இறுக்கம் எதுவென்று புரிவதற்காகச் சொன்னேன். உள்ளே தாங்கிப் பிடிக்கும் வளையமும் உண்டு, அதை டாக்டர் வைத்துவிடுவார். எல்லாவற்றுக்கும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. முற்றிப் போனால் அறுவைதான் வழி, அதையும் மறைக்கக்கூடாது.

இன்னொன்று. முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் கர்ப்பப்பை வாயைச் சோதித்துக்கொள்ளுங்கள். அரசு நிலையத்தில் காசில்லாமல் செய்கிறார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள், வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேலே அனுப்புவார்கள். வலி இல்லை. மார்பில் கட்டி இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுவார்கள். நான் ஓய்வு பெறும் முன் என் பகுதியில் சொல்லிச் சொல்லித்தான் ஆட்களைக் கூட்டிப் போனேன். வெட்கம் ஒன்றுதான் தடை.

பேச்சிப்பாறை_மேலே | வியாழன், இரவு 8:10

மலையிலிருந்து ஒரு குரலும் இருக்கட்டும். நான் காணிக்காரப் பழங்குடிப் பையன், குலசேகரத்தில் வேலை. எங்கள் குடிகளில் சிலவற்றுக்கு அணையை வள்ளத்தில் கடந்து, அப்புறம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் அணை நிரம்பினால் அதுவும் நிச்சயம் இல்லை. கீழே இருப்பவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்பது கேள்வி. எங்களுக்கு எப்போது இறங்குவது என்பது கேள்வி.

தேதி சொன்ன வாரத்துக்கு முன்பே இறங்கி சொந்தக்காரர் வீட்டில் தங்குவார்கள் எங்கள் பெண்கள். மலைப்பகுதிகளில் சில இடங்களில் அரசு இதற்கென்றே ஆரம்ப சுகாதார நிலையத்தோடு காத்திருப்பு அறை கட்டியிருக்கிறது, அது நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருத்தி பத்து நாள் கீழே தங்குவது லேசா? எங்கள் குடியிலிருந்தே ஒரு பெண் செவிலியர் படித்து வந்து இங்கேயே இருந்தால் பாதிக் கவலை தீரும். என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த இழையை அவளிடம் காட்டினேன். டாக்டர் அம்மா, அந்த 18 மாதப் பயிற்சிக்கு அவள் முதலில் என்ன படிக்க வேண்டும்?

தக்கலை_மகப்பேறு | வியாழன், இரவு 10:45

தம்பி, முதலில் செவிலியர் பட்டப்படிப்போ பட்டயப்படிப்போ முடித்துப் பதிவு செய்ய வேண்டும். அதன்பிறகு பேறு பார்ப்பதில் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். தங்கையை எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், விண்ணப்பம் போடும் காலத்தில் உடன் இருக்கிறேன்.

வடசேரி_வாசகன் | வெள்ளி, காலை 7:20

படித்தேன், எல்லாவற்றையும். வீட்டுப் பேறு பற்றிய என் பயம் அப்படியேதான் இருக்கிறது, அதை விடமாட்டேன். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கட்டியது என் தவறு. அண்டி ஆபீஸ் மகள் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவியிடம் கேட்டேன். 52 வயது. இதுவரை அந்தச் சோதனை எதுவும் செய்ததில்லை. அவளுக்கு வடசேரியில் எங்கே போக வேண்டும் என்று சொல்லுங்கள்.

நர்ஸம்மா_ஓய்வு | வெள்ளி, காலை 7:45

வடசேரி என்றால் உங்களுக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்தான் தம்பி. காலையில் கூட்டிப் போங்கள். சுகரும் பிரஷரும் அங்கேயே பார்த்துவிடுவார்கள். நீங்களும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு உட்காருங்கள், உங்களுக்கும் பார்க்கட்டும்.

கருங்கல்_மகள் | அடுத்த வாரம் புதன், மாலை 5:30

இன்று மைனியோடு சப் சென்டருக்குப் போய்வந்தேன். தடுப்பூசி நாள் என்பதால் வராந்தா முழுக்கப் பிள்ளைகள் அழுகை. கூட்டம் குறையும் வரை காத்திருந்தோம்.

எடை, பிரஷர், வயிறு எல்லாம் பார்த்தார். ரத்தம் (ஹீமோகுளோபின்) 9.4. மூன்றாம் மாதம் தனியாரில் பார்த்தபோது 10.8 இருந்தது, இரும்புச்சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நர்ஸம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரை முழுங்குகிறாயா?" என்று கேட்டார். மைனி என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் இல்லை என்று தலையாட்டினாள். முதல் வாரம் குமட்டலாக இருந்தது, மலம் கறுப்பாகப் போனது, பயந்து நிறுத்திவிட்டாளாம். இரண்டு மாதமாக. டாக்டரிடம் சொன்னால் திட்டுவார்கள் என்று சொல்லவில்லை.

நர்ஸம்மா திட்டவில்லை. கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், கெடுதல் இல்லை என்று விளக்கினார். இனி காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஒரு மாதம் கழித்துத் திரும்ப ரத்தம் பார்க்கலாம், ஏறாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசியாகப் போட வைக்கலாம் என்றார். சர்க்கரைத் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனைக்கும் நாள் குறித்தார்.

நாங்கள் எழுந்தபோது மைனி தயங்கி நின்றாள். "நீங்க வெளியே இருங்க அக்கா" என்றாள். இருபது நிமிடம் உள்ளே இருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. வரும் வழியில் கொஞ்சம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அம்மையிடம் 9.4 என்ற எண்ணை மட்டும் சொன்னேன். 9-ஆம் தேதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் பார்க்கும் நாள். அம்மையும் வருகிறாராம்.

நர்ஸம்மா_ஓய்வு | புதன், மாலை 6:05

மாத்திரையை டீயோடு கொடுக்காதே மக்களே, சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு நல்லது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இருந்தால் அதை வேறு வேளைக்கு மாற்று, இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. குமட்டினால் ராத்திரி சாப்பாடு முடிந்து படுக்கும் முன் கொடுத்துப் பார். 9-ஆம் தேதி போய்வந்து எழுது.